காதில் எழுதிய எண்

மேரு, கிள்ளான்
19.12.1994

அன்புள்ள அக்காவுக்கு,

முயல்கள் இரண்டும் நலம். அதை முதல் வரியில் எழுதச் சொன்னீர்கள், எழுதிவிட்டேன். வீட்டில் மற்றவர்களும் நலம்.

பல்கலைக்கழகத்தில் விலங்குக்கூடத்தின் கூரையை மாற்றி முடிக்கும்வரை பார்த்துக்கொள்ளச் சொல்லி நீங்கள் இவற்றை விட்டுப் போய் இரண்டு வாரம் ஆகிறது. கூண்டு பின்பக்கம் தண்ணீர்த் தொட்டிக்கு அருகில் நிழலில் இருக்கிறது. காலையில் கங்குங் கீரை, மாலையில் நீங்கள் தந்த தீனி. எதை எப்போது தின்றன என்று ஒரு நோட்டில் எழுதி வருகிறேன்.

எஸ்.பி.எம். பரீட்சை முடிந்தது. கடைசித் தாள் உயிரியல். இரத்தத்தைப் பற்றி ஒரு கேள்வி வந்தது. நான் கேட்டதற்கு மேல் ஒரு பக்கம் எழுதிவிட்டேன். கண்காணிப்பாளர் தாளைக் கையிலிருந்து இழுக்க வேண்டியதாயிற்று.

அப்பா லோரியை நிறுத்திவிட்டு வந்து கூண்டைப் பார்த்தார். "எத்தன கிலோ வரும்?" என்று கேட்டார். அம்மா, "அது பெரியவளோட பரீட்சை முயலு, கறி முயலு இல்ல" என்றார். உங்கள் பேச்சு வந்ததும் அப்பா ரேடியோவைப் போட்டுவிட்டார். அவர் பார்த்த மாப்பிள்ளையை நீங்கள் வேண்டாம் என்று சொல்லிப் போய் இரண்டு வருடமாகியும் அப்படித்தான்.

இந்த ஊர்க் கையுறைக் கம்பெனியில் எனக்கு வேலை பார்த்து வைத்திருக்கிறாராம். ஆறாம் படிவம் என்று அம்மா மெதுவாகத்தான் ஆரம்பித்தார். "ஒருத்திய படிக்க வெச்சுப் பார்த்தாச்சு. அவ பிரிக்பீல்ட்ஸ்ல போய் உக்காந்துகிட்டா. இன்னொருத்தியையும் அனுப்பவா?" என்றார் அப்பா. நான் உள்ளே சோறு வடித்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஆறாம் படிவம் படித்து உங்களைப் போலப் பல்கலைக்கழகம் போக வேண்டும், அக்கா. இதை இந்த வீட்டில் நான் சத்தமாகச் சொன்னதே இல்லை. இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

முயல்களுக்கு நீங்கள் போடும் ஊசியில் என்ன இருக்கிறது? ஏன் இரண்டு முயல்? பதிலை வழக்கம்போல் வீரம்மா அக்கா கடை முகவரிக்கே போடுங்கள்.

இப்படிக்கு,
வாசுகி


பிரிக்பீல்ட்ஸ்
27.12.1994

வாசுகி,

நேரில் "இங்க வாயேன்க்கா" என்று கத்துகிறவள் கடிதத்தில் "நீங்கள்" என்கிறாய். இதற்கு யாரும் மதிப்பெண் போடப் போவதில்லை. நீ என்றே எழுது.

ஊசியில் நோய் எதுவும் இல்லை, பயப்படாதே. நம் உடம்பில் ஒவ்வொரு செல்லுக்கும் வெளியிலிருந்து சேதி வந்துகொண்டே இருக்கும். வளர், நில், இரண்டாகப் பிரி, இப்படி. சேதி நேராக உள்ளே போய்விட முடியாது. ஒரு புரதம் அடுத்ததைத் தட்டி எழுப்பும், அது அதற்கடுத்ததை. அப்படித் தட்டுகிறவற்றுக்குக் கைனேஸ் என்று பெயர். (என் கடிதம் வீரம்மா அக்கா கை மாறி உனக்கு வருகிற மாதிரி என்று வைத்துக்கொள்.) அதில் ஒன்றைத்தான் நான் தேடுகிறேன்.

செல்லை உடைத்தால் ஆயிரக்கணக்கான புரதம். நம்முடையது எது? அதன் ஒரு சிறு துண்டைச் செய்து முயலுக்குப் போடுகிறோம். யார் இந்த அந்நியன் என்று முயலின் உடம்பு பார்த்து, அவனைப் பிடிக்கக் கற்றுக்கொள்கிறது. பிறகு அந்த முயலின் இரத்தத்திலிருந்து எடுத்த சீரத்தை ஊற்றினால், அது ஆயிரத்துக்கு நடுவில் தேடிப் போய் அந்த ஒன்றைப் பிடிக்கும். எக்ஸ்ரே ஃபிலிமில் அந்த இடத்தில் ஒரு கறுப்புப் பட்டை விழும். இப்படிப் பிடிப்பதற்கு ஆண்டிபாடி என்று பெயர்; ஒரே வகை இல்லை, பல வகை. ஒவ்வொன்றும் அந்தத் துண்டை வேறுவேறு பக்கமாகப் பிடிக்கும்.

ஏன் இரண்டு முயல்? சில முயல் கற்றுக்கொள்ளும், சில கற்றுக்கொள்ளாது. முன்கூட்டித் தெரியாது. இந்த மாதம் முதலில் எடுத்த இரத்தத்தில், 2ஆம் எண் முயலின் சீரம் பட்டையை அழகாகப் போட்டது. 1இல் ஒன்றுமே இல்லை, வெறும் ஃபிலிம். ஒரே ஊசி, ஒரே தீனி, ஒரே கூண்டு!

இப்போது கவனமாகப் படி. காதில் மார்க்கரால் போட்ட கோடு தேய்ந்துவிடும். வாரம் ஒருமுறை அதன்மேலேயே எழுது. 1க்கு ஒரு கோடு, 2க்கு இரண்டு கோடு. இது மட்டும் தவறவே கூடாது. அதே ஊசியை இன்னும் நூறு முயலுக்குப் போட்டாலும் 2 தருகிற சீரம் திரும்பக் கிடைக்காது.

இன்னொன்று. என் வேலை ஏப்ரல் முப்பதோடு முடிகிறது. அதற்குள் சீரம் தயாரானால் கமிட்டியிடம் இன்னும் இரண்டு வருடம் கேட்டு வாங்கித் தருவதாக டாக்டர் ராமசுப்பிரமணியன் சொல்லியிருக்கிறார். அவர்தான் என் ஆய்வுக்குத் தலைவர், வாக்கு மாறாதவர். அது கிடைத்தால் இந்த நான்கு பேர் அறையை விட்டுத் தனியறை எடுப்பேன். ஆறாம் படிவத்துக்கு மே எட்டாம் தேதி பதிவு. உன்னை இங்கே சேர்க்கிறேன். அப்பாவிடம் நானே பேசுகிறேன், அவர் என்னிடம் பேசாவிட்டாலும்.

இங்கே நாங்கள் மாட்டும் கையுறைப் பெட்டியில் "மேரு" என்று அச்சடித்திருக்கிறது. ஊரைவிட்டு ஓடி வந்தும் தினமும் மேருவைத்தான் கையில் மாட்டுகிறேன்.

அக்கா


மேரு
5.1.1995

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். வீரம்மா அக்கா உறையைத் தூக்கிப் பார்த்து, "இவ்ளோ கனமா இருக்கே, உங்கக்கா தானா, இல்ல வேற யாராச்சுமா?" என்று கடை முழுக்கக் கேட்கும்படி கேட்டார். முயலைப் பற்றி என்றேன். "முயலுக்கா பத்துப் பக்கம்?" என்றார்.

பத்தாம் தேதி தொழிற்சாலை விண்ணப்பத்தில் அப்பா கையெழுத்து வைப்பதாக இருந்தார். ரிசல்ட் வரும்வரை பொறுக்கச் சொல்லி அம்மா கெஞ்சியிருக்கிறார். "சரி, ரிசல்ட் வரைக்கும்" என்றாராம். நான் நேரில் கேட்கவில்லை. ஐந்தரைக்குக் கம்பெனி பஸ் முச்சந்தியில் வந்து நிற்கும்போது நான் விழித்துக்கொண்டுதான் படுத்திருக்கிறேன்.

முயல்கள் பற்றி நான் கண்டவை. இரண்டும் ஒரே வெள்ளை, ஒரே சிவந்த கண், அளவும் கிட்டத்தட்ட ஒன்று. காதுக் கோடு இல்லாவிட்டால் அம்மாவுக்கு வித்தியாசம் தெரியாது. எனக்குத் தெரியும். 1 கங்குங்கில் இலையை முதலில் தின்றுவிட்டுத் தண்டை அப்படியே போட்டுவிடும். 2 தண்டை முதலில் தின்று முடித்துவிட்டு, இலையைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளும். கொக்கியை எந்தப் பக்கம் திருப்பினால் கதவு திறக்கும் என்று 2க்குத் தெரியும். நான் கை வைக்கும் முன்பே மூக்கை அங்கே கொண்டுவந்துவிடும். அது இரத்தத்தில் மட்டும் கற்றுக்கொள்ளவில்லை என்று நினைக்கிறேன்.

ஒரு கேள்வி. நீ கடிதத்தோடு வைத்த அட்டவணையில் பிப்ரவரிக்கு நேராக "2, கடைசி இரத்தம்" என்று இருக்கிறது. கடைசி என்றால் என்ன?

அன்புடன்,
வாசுகி


பிரிக்பீல்ட்ஸ்
11.1.1995

வாசுகி,

நீ கேட்பாய் என்று எதிர்பார்த்தேன். பொய் சொல்ல மாட்டேன்.

காதிலிருந்து எடுப்பது கொஞ்சம்தான். ஆய்வுக்கு அது போதாது. பிப்ரவரி பன்னிரண்டு ஞாயிறு வந்து 2ஐ எடுத்துப் போவேன். மறுநாள் மயக்க மருந்து கொடுத்து இருதயத்திலிருந்து முழுவதும் எடுப்போம். அதற்கு வலி தெரியாது. திரும்பி வராது.

1 எங்களுக்கு வேண்டாம். நீயே வைத்துக்கொள். அப்பாவுக்கு மட்டும் கறியாக்கிவிடாதே.

நான் முதல் முறை செய்த அன்று சாப்பிடவில்லை. இரண்டாம் முறை சாப்பிட்டேன். அப்படித்தான்.

அடுத்த ஞாயிறு ஊசி போட வருகிறேன். அப்பா எப்போது லோரியில் போவார் என்று எழுது.

அக்கா


மேரு
18.1.1995

அன்புள்ள அக்கா,

ஞாயிறு நீ வரலாம். அப்பா ஈப்போவுக்கு லோடு ஏற்றிப் போகிறார்.

இந்த வாரம் நடந்ததைச் சொல்ல வேண்டும். மாட்டுப் பொங்கலன்று நான் பாசாரில் காய்கறி வாங்கித் திரும்பி வந்தால், அம்மா முயல்கள் இரண்டையும் பெரிய தொட்டியில் உட்காரவைத்து மஞ்சள் தண்ணீரில் குளிப்பாட்டிக்கொண்டிருக்கிறார்! நெற்றியில் சந்தனம், குங்குமம். கழுத்தில் ஆளுக்கொரு கதம்பத் துண்டு. நான் கத்தினேன். "ஏன்டி கத்துற? மாடு இல்லாத வீடு, இதுங்களாச்சும் இருக்குல்ல. நாலு காலு இருக்கு, புல்லு திங்குது, போதும் லா" என்றார். சீயக்காய் வேறு போட்டுத் தேய்த்திருக்கிறார். இரண்டும் இளமஞ்சளாக இருந்தன. ஒன்று தன் மாலையையே தின்றுகொண்டிருந்தது.

காதுக் கோடுகள் அழிந்துவிட்டன. துவட்டிக் காயவைத்து நானே திரும்ப எழுதிவிட்டேன். இரண்டையும் எனக்கு நன்றாகத் தெரியும். நீ கவலைப்பட வேண்டாம்.

அன்புடன்,
வாசுகி


பிரிக்பீல்ட்ஸ்
23.2.1995

வாசுகி,

பத்து நாளாக உனக்கு எழுத முடியவில்லை. பட்டை இல்லை.

பதின்மூன்றாம் தேதி எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஒரு முழுக் குடுவை சீரம் கிடைத்தது. வெள்ளிக்கிழமை சோதனை ஓட்டிப் பார்த்தேன், வெறும் ஃபிலிம். செல் கெட்டுவிட்டது என்று புதிதாக வளர்த்து ஓட்டினேன். வெறும் ஃபிலிம். டிசம்பரில் எடுத்த சீரம் ஒரு சொட்டு மிச்சமிருந்தது, அதைப் பக்கத்தில் வைத்து ஓட்டினேன். அது போடுகிறது! அதே முயல், அதே காது, ஊசி இன்னும் இரண்டு போட்டாயிற்று, கூடித்தானே இருக்க வேண்டும்? கற்றதை ஒரு உடம்பு இரண்டு மாதத்தில் மறக்குமா?

அன்று அதை எடுக்கும்போது கொஞ்சம் இளைத்த மாதிரி இருந்தது. சரியாகத் தின்னவில்லை என்றாய். காய்ச்சல் ஏதாவது இருந்ததா? உன் நோட்டில் பார்த்து எழுது. எதையும் விடாதே.

அக்கா


மேரு
2.3.1995

அன்புள்ள அக்கா,

நோட்டைப் பார்த்தேன். காய்ச்சல் இல்லை. கழிச்சல் இல்லை.

உங்கள் இயந்திரத்தில் கோளாறு இருக்கலாம் அல்லவா? ஃபிலிம் பழையதாக இருக்கலாம். மறுபடியும் ஒருமுறை செய்து பாரேன்.

இங்கே இருக்கிற முயல் நன்றாகத் தின்கிறது. வேறு விசேஷம் இல்லை. ரிசல்ட் இந்த மாதம் வருமாம்.

வாசுகி


பிரிக்பீல்ட்ஸ்
16.3.1995

வாசுகி,

இயந்திரத்தில் கோளாறு இல்லை. பதினோரு முறை செய்தாயிற்று.

நேற்று டாக்டர் கூப்பிட்டார். மேசையில் டிசம்பர் ஃபிலிமையும் இப்போதைய ஃபிலிம்களையும் வரிசையாகப் போட்டு வைத்திருந்தார். கத்தவில்லை. "பரமேஸ்வரி, டிசம்பர்ல நீங்க வேற ஏதாவது ஆண்டிபாடிய வெச்சு ஓட்டிட்டீங்களா? தெரியாம?" என்று கேட்டார். அந்தத் "தெரியாம" அவருடைய நல்ல மனசு. அவர் கேட்க வந்தது வேறு. நான் இல்லை என்றேன். "நான் நம்பறேன். ஆனா கமிட்டில நான் எதைக் காட்டறது?" என்றார்.

ஏப்ரல் முப்பதோடு சரி. அறை, ஆறாம் படிவம், எல்லாம் உனக்கு நான் காட்டிய ஆசை. மன்னித்துக்கொள். அப்பா சொல்கிற வேலைக்குப் போ. இப்போதைக்கு.

இதில் ஒன்றுதான் என்னைத் தூங்கவிடவில்லை. டிசம்பரில் நான் பார்த்ததை நானே சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டேன். என் கையால்தான் செய்தேன், என் கண்ணால்தான் பார்த்தேன். இப்போது பஸ்ஸில் போகும்போது, உண்மையிலேயே நான் ஏதாவது மாற்றி ஊற்றிவிட்டேனா என்று நினைக்கிறேன். இந்த வேலையில் தன் கண்மேல் உள்ள நம்பிக்கையை இழந்துவிட்டால் பிறகு ஒன்றும் மிஞ்சாது.

அக்கா


மேரு
21.3.1995

அக்கா,

நீ மாற்றி ஊற்றவில்லை. நான்தான் மாற்றினேன்.

பன்னிரண்டாம் தேதி நீ எடுத்துப் போனது 1. 2 இங்கே தண்ணீர்த் தொட்டிக்கு அருகில்தான் இருக்கிறது. இப்போதும் தண்டை முதலில் தின்று, இலையை மிச்சம் வைத்திருக்கிறது.

மாட்டுப் பொங்கலன்று கோடு அழிந்தது உண்மை. எது எது என்று எனக்குத் தெரியும் என்று எழுதினேனே, அதுவும் உண்மை. தெரிந்தே மாற்றி எழுதினேன். அம்மா உள்ளே பொங்கல் பானையைப் பார்த்துக்கொண்டிருந்தார். உன் கடிதம் பாவாடை மடிப்பில் இருந்தது. 1 வேண்டாம், வைத்துக்கொள் என்று எழுதியிருந்தாய். 2 கற்றுக்கொண்டது, அதனால் அது சாக வேண்டும். 1 ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை, அதனால் அது பிழைக்கலாம். எனக்கு அது பொறுக்கவில்லை. இந்த வீட்டிலும் அப்படித்தானே? கற்றுக்கொண்டவளைப் பற்றி அப்பா ரேடியோவைப் போட்டு மறைக்கிறார். மார்க்கரைக் கையில் எடுத்தபோது இதையெல்லாம் நினைத்தேனா என்று கேட்டால், இல்லை. கை செய்துவிட்டது. பிறகுதான் காரணங்கள் வந்தன.

இரண்டு ஊசி இன்னும் இருக்கிறதே, அதற்குள் 1உம் கற்றுக்கொண்டுவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உயிரியலில் "இரண்டாம் முறை எதிர்வினை வலுவாக இருக்கும்" என்று படித்ததை அதற்குச் சாட்சியாக வைத்துக்கொண்டேன். படித்ததை இப்படிக் கூடப் பயன்படுத்த முடியும் என்று அன்றுதான் தெரிந்தது.

1ஐ நீ கூடையில் வைக்கும்போது நான்தான் பிடித்துக் கொடுத்தேன். அது என் விரலை நக்கியது. நான் அதற்காக அழவே இல்லை, அக்கா. 2 தப்பித்தது என்றுதான் இருந்தது. கற்றுக்கொள்ளாதது என்றால் உயிர் குறைவு என்று நானும் நினைத்திருக்கிறேன்.

உன் பிப்ரவரிக் கடிதம் வந்த அன்றே சொல்லியிருக்க வேண்டும். "மறுபடியும் ஒருமுறை செய்து பார்" என்று எழுதினேன். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

நேற்று ரிசல்ட். முதல் தரம். உயிரியலில் ஏ1. அம்மா சர்க்கரை வாங்கி வந்து அக்கம்பக்கம் கொடுத்தார். அப்பா தாளை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு" என்றார். பிறகு விண்ணப்பத்தில் கையெழுத்து வைத்துவிட்டார். மே எட்டாம் தேதி வேலையில் சேர வேண்டும்.

இந்தக் கடிதத்தை டாக்டரிடம் காட்டு. என் பெயரைச் சொல்.

வாசுகி


பிரிக்பீல்ட்ஸ்
9.4.1995

வாசுகி,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மேருவுக்கு வந்தபோது உன்னிடம் பேசாமல் இருந்தது கோபத்தால். ஊசியும் போட்டு, காதில் இரத்தமும் எடுக்க உன் கை வேண்டியிருந்தது, அதனால்தான் உன்னை வெளியே போகச் சொல்லவில்லை. கோபம் இன்னும் இருக்கிறது. அது ஒரு பக்கம் இருக்கட்டும்.

பட்டை இருக்கிறது. டிசம்பரைவிட மூன்று மடங்கு கறுப்பு. ஃபிலிம் தொட்டியிலிருந்து வெளியே வந்தபோது இருட்டறையில் தனியாக நின்று அழுதேன், அதை உனக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கடிதத்தைக் காட்டவில்லை. அது உனக்கும் எனக்கும். "மாட்டுப் பொங்கலா? இருபது வருஷ சர்வீஸ்ல முயலுக்கு மாட்டுப் பொங்கல் வெச்ச வீடு இதான் முதல் தடவ" என்றார். சிரிப்பார் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை. "கமிட்டிக்கு என்ன எழுதறது? தங்கச்சி இரக்கப்பட்டுட்டான்னா?" என்றார். கடைசியில் "அடையாளக் குறி அழிந்ததால் ஏற்பட்ட தவறு" என்று எழுதிக்கொண்டார். அதில் பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை.

ஏப்ரல் கூட்டத்துக்கு மனு நேரம் தாண்டிவிட்டது. அடுத்த கூட்டம் ஜூனில். அதுவரை எனக்குச் சம்பளம் இல்லை, அறை இல்லை. ஜூனில் என்ன சொல்வார்கள் என்று தெரியாது. மே எட்டாம் தேதியைப் பற்றி நான் எழுத வேண்டாம் அல்லவா?

பதினேழாம் தேதி திங்கட்கிழமை 2இன் கடைசி இரத்தம். இந்த முறை நான் வந்து எடுத்துப் போக மாட்டேன். நீ கொண்டு வா. உன்னால் முடியாது என்றால் எழுது, யாரையாவது அனுப்புகிறேன். ஆனால் நீதான் வர வேண்டும் என்று நினைக்கிறேன்.

அக்கா


மேரு
19.4.1995

அன்புள்ள அக்கா,

வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். ஆய்வகத்தில் நீங்கள் அதிகம் பேசவில்லை, நானும் பேசவில்லை. அதனால் எழுதுகிறேன்.

காலையில் கொக்கியைத் திருப்பிக் கதவைத் திறந்து வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். வேண்டுமென்றேதான். பின்னால் வேலி இல்லை, லாலாங் புல்லும் செம்பனைத் தோட்டமும்தான். நான் திரும்பி வந்தபோது அது கதவருகே உட்கார்ந்து காலைக் கீரைக்காகக் காத்திருந்தது. கீரையைக் கொடுத்தேன். தண்டு, பிறகு இலை. தின்று முடிக்கும்வரை நின்றுவிட்டுக் கூடைக்குள் வைத்தேன்.

பஸ்ஸில் நான் கனவில் பார்த்த இடத்துக்குத்தான் போய்க்கொண்டிருந்தேன். ஆய்வகம் எப்படி இருக்கும், கண்ணாடிக் குடுவைகள் எங்கே இருக்கும் என்று எத்தனை முறை யோசித்திருப்பேன். அங்கே நுழைந்ததும் நான் முதலில் தொட்டது மேரு என்று அச்சடித்த பெட்டியை. நீங்கள் ஒரு ஜோடி எடுத்துக் கொடுத்தீர்கள். என் கைக்குப் பெரிது.

டாக்டர் எட்டிப் பார்த்து, "நீதான் அந்தத் தங்கச்சியா?" என்றார். ஆமாம் என்றேன். "ரிசல்ட் என்ன?" என்றார். சொன்னேன். கேட்டுக்கொண்டு போய்விட்டார். திட்டியிருக்கலாம்.

மயக்க மருந்து ஏறும்வரை என் கையில்தான் இருந்தது. உடம்பு கனத்துக்கொண்டே வந்ததைக் கையுறை வழியாக உணர முடிந்தது. நீங்கள் "போதும், விடு" என்ற பிறகும் நான் கொஞ்ச நேரம் விடவில்லை. அதற்காக நீங்கள் கோபப்படவில்லை. அதைக் கவனித்தேன்.

திரும்பி வரும்போது கிள்ளான் பஸ்ஸில் பக்கத்தில் இருந்த ஓர் அம்மா, "கூடையில என்னம்மா?" என்று கேட்டார். "ஒன்னுமில்ல ஆன்டி" என்றேன். மூடியைத் திறந்தும் காட்டினேன்.

வாசுகி


பிரிக்பீல்ட்ஸ்
13.6.1995

வாசுகி,

ஒரு வருடம் கொடுத்திருக்கிறார்கள், இரண்டு இல்லை. அறை பார்த்துவிட்டேன், ரயில் தண்டவாளத்துக்கு எதிரில், ஜன்னல் பாதிதான் திறக்கும்.

பள்ளிக்குப் போய் விசாரித்தேன். பதிவு முடிந்து ஐந்து வாரம் ஆகிவிட்டது, அடுத்த மேயில் வாருங்கள் என்றார்கள். தலைமையாசிரியை உன் ரிசல்ட்டைப் பார்த்துவிட்டு, "ஏம்மா அப்பவே வரல?" என்று கேட்டார். காதுக் கோடு என்று எப்படிச் சொல்வது?

கணக்குப் பார்த்தால் கொடுமையாக இருக்கிறது. நீ அன்று கோட்டை மாற்றாமல் இருந்திருந்தால், ஏப்ரலிலேயே எல்லாம் முடிந்து நீ இப்போது இங்கே இருப்பாய். அதை எழுதக் கூடாது என்று நினைத்தேன். நீ ஏற்கெனவே ஆயிரம் முறை நினைத்திருப்பாய், நான் மறைப்பதில் பயன் இல்லை.

கோபம் போய்விட்டது. எப்போது போனது என்று தெரியவில்லை. 2இன் சீரத்தை ஊற்றி வைத்த குழாய்களில் பெயர் எழுதும்போது என்று நினைக்கிறேன். முயல் எண், தேதி, எடுத்தவர், பிடித்தவர் என்று நான்கு இடம் இருக்கிறது. பிடித்தவர் இடத்தை எப்போதும் காலியாக விடுவோம். இந்த முறை எழுதினேன். உறைபெட்டியில் நாற்பது குழாயில் உன் பெயர் இருக்கிறது.

இனிமேல் நீங்கள் என்று எழுதாதே. உனக்கு வேலை எப்படி இருக்கிறது?

அக்கா


மேரு
25.6.1995

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் கிடைத்தது. வீரம்மா அக்கா, "இப்ப முயலு இல்லையே, இன்னும் என்னாத்துக்கு கடுதாசி?" என்றார்.

வேலையைப் பற்றிக் கேட்டாய். நான் பார்த்ததைச் சொல்கிறேன். சங்கிலியில் ஆயிரக்கணக்கான பீங்கான் கைகள் விரலைக் கீழே நீட்டியபடி வரிசையாக வந்து ரப்பர் பாலில் முங்கி எழும். அவை எங்கும் நிற்பதில்லை. முதல் நாள் அது அழகாக இருந்தது. நாங்கள் இருப்பது கடைசியில். வருகிற ஒவ்வொரு கையுறையிலும் காற்றை நிரப்பி, விளக்குக்கு நேராகப் பிடித்து, ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கூடம் சூடு, ஜன்னல் கிடையாது. கழிப்பறைக்குப் போகச் சீட்டு வாங்க வேண்டும். வாசலில் நிற்கும் பஸ் எட்டு மணி நேரம் கழித்துத்தான் கதவைத் திறக்கும்.

எங்கள் வரிசைக்குத் தலைவி மாரியாயி அக்கா. நான் ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "என்னா லா, ஒரு கையுறைக்கு மூணு செகண்டுதான். மூஞ்சப் பார்த்து கல்யாணமா பண்ணப் போற?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அடுத்ததையும் திருப்பித்தான் பார்த்தேன்.

எங்கள் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் முத்திரை உண்டு. பெட்டி நிறைந்ததும் அடியில் அதைக் குத்த வேண்டும். என்னுடையது 27. சென்ற வாரம் லோரி காத்திருந்தது. மாரியாயி அக்கா திறக்காத இரண்டு மூட்டையைக் கொண்டுவந்து, "பார்க்க நேரம் இல்ல, குத்திரு" என்றார். என் கை முத்திரையோடு பெட்டிமேல் போய் நின்றுவிட்டது. பயமாக இருந்தது, அக்கா. முடியாது என்றேன். "படிச்ச திமிரு" என்றார். தன் முத்திரையைக் குத்தி அனுப்பிவிட்டார். அன்று எனக்குக் கூடுதல் நேர வேலை தரவில்லை, பஸ் வரும்வரை வாசலில் உட்கார்ந்திருந்தேன். மறுநாளும் மூட்டை வந்தது. மறுநாளும் குத்தவில்லை. மூன்றாம் நாள் அவரே அலுத்துப்போய், "அவ கிட்ட வைக்காதீங்க லா, விடிஞ்சிரும்" என்றார்.

நான் பார்க்காததன் மேல் இனி என் எண்ணைப் போட மாட்டேன். என்னால் செய்ய முடிந்தது இவ்வளவுதான்.

அப்பாவிடம் அடுத்த மே பற்றிப் பேசிவிட்டேன். அம்மாவை விட்டுச் சொல்லவில்லை, நானே சொன்னேன், சத்தமாக. அப்பா எழுந்து ரேடியோவைப் போட்டார். நான் போய் நிறுத்திவிட்டு மறுபடியும் சொன்னேன். அவர் மறுபடியும் போடவில்லை.

கூண்டு இன்னும் பின்னால்தான் இருக்கிறது. கொக்கி துருப்பிடித்துவிட்டது.

உன் ஆய்வகத்துக்குப் புதுப் பெட்டி வந்தால் அடியில் திருப்பிப் பார். 27 என்று இருந்தால் பயமில்லாமல் மாட்டிக்கொள். ஒவ்வொன்றையும் நான் பார்த்திருக்கிறேன்.

உன் தங்கை,
வாசுகி